காட்டு ஆப்பிளா, காடேறிய ஆப்பிளா? மாலஸ் சில்வெஸ்ட்ரிஸை இனங்காண்பதும் விவரிப்பதும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஐரோப்பாவில் ஒரு காட்டோரம். வேலி வரிசையில் முறுக்கிய தண்டோடு ஒரு சின்ன மரம் நிற்கிறது. கிளைகளில் முள். நெல்லிக்காய் அளவில் மஞ்சள் கலந்த பச்சைக் கனிகள். கடித்தால் நாக்கு சுருண்டுவிடும்; அவ்வளவு புளிப்பும் துவர்ப்பும். கணக்கெடுப்பவர் தாளில் ‘மாலஸ் சில்வெஸ்ட்ரிஸ்’ என்று எழுதிவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்கிறார். பிழை நுழைவது இந்த இடத்தில்தான். அந்த மரம் ஐரோப்பாவின் அசல் காட்டு ஆப்பிளாக இருக்கலாம். யாரோ தின்று வீசிய ஆப்பிளின் விதையிலிருந்து முளைத்ததாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் பிறந்த கலப்பினமாகவும் இருக்கலாம். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது அந்த ஒரு சிக்கலைத்தான். ஒரே வேலியில் நிற்கும் மூன்று மரங்களை எடுத்து, எந்த உறுப்பை, எந்த மாதத்தில், எப்படிப் பார்த்து, எந்தப் பெயர் வைப்பது என்பதைப் படிப்படியாகக் காட்டுகிறோம். செய்முறையை விளக்குவதற்காக அமைத்த மாதிரி மரங்கள் அவை; களத்தில் அன்றாடம் எதிர்ப்படும் நிலைமைகளை ஒட்டியே எண்களை வைத்திருக்கிறோம்.

முதலில் பெயர்

ஆங்கிலத்தில் ‘க்ராப் ஆப்பிள்’ என்பார்கள். தமிழில் சிலர் அதை ‘நண்டு ஆப்பிள்’ ஆக்கிவிடுகிறார்கள். பழத்திலோ மரத்திலோ நண்டை நினைவூட்டும் எதுவும் இல்லை. தோட்டக்கலையில் அந்தச் சொல் அளவை மட்டும் குறிக்கிறது: கனியின் விட்டம் 5 செ.மீ.க்குள் இருந்தால் க்ராப், தாண்டினால் ஆப்பிள். ஆகவே அது எந்தச் சிற்றினத்தின் பெயரும் அல்ல. சைபீரியாவின் மாலஸ் பக்காட்டாவும் அமெரிக்காவின் மாலஸ் கொரோனேரியாவும் ஐரோப்பாவின் மாலஸ் சில்வெஸ்ட்ரிஸும் ஒரே வழக்குப் பெயரில் அடங்கிவிடுகின்றன. களத்தாளில் ‘க்ராப் ஆப்பிள்’ என்று மட்டும் எழுதினால் அது பதிவே ஆகாது.

லின்னேயஸ் 1753இல் ஆப்பிளைப் பேரிக்காயோடு பைரஸ் பேரினத்தில் வைத்தார். மறு ஆண்டே, 1754இல், பிலிப் மில்லர் மாலஸைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். லின்னேயஸ் பைரஸ் மாலஸின் ஒரு வகையாக வைத்திருந்த காட்டு ஆப்பிளை மில்லர் 1768இல் சிற்றினமாக உயர்த்தினார். ‘மாலஸ் சில்வெஸ்ட்ரிஸ் (எல்.) மில்.’ என்று எழுதுவதன் பொருள் இதுதான்: அடைப்புக்குள் இருப்பவர் அடைமொழியை முதலில் தந்தவர், வெளியே இருப்பவர் இன்றைய இடத்தில் வைத்தவர். தோட்ட ஆப்பிளுக்கு வந்தால் குழப்பம் கூடும். பழைய நூல்களில் மாலஸ் பூமிலா என்றும் மாலஸ் கம்யூனிஸ் என்றும் இருக்கும். இப்போது நிலைத்திருப்பது போர்க்ஹவுசன் 1803இல் இட்ட மாலஸ் டொமெஸ்டிகா. பழைய உலர்மாதிரித் தாளில் ‘பூமிலா’ என்றோ, பைரஸ் என்றோ கண்டால் தவறு என்று அடித்துவிட வேண்டாம். அந்தக் காலத்து வழக்கு அது.

இன்னொரு சிறு வழுக்கல்: மாலஸ் என்பது ‘அஸ்’ என்று முடிந்தாலும் லத்தீனில் மரப்பெயர்கள் பெண்பால். அதனால்தான் பக்காட்டா, ஃபுஸ்கா, கொரோனேரியா. ‘மாலஸ் பக்காட்டஸ்’ என்று எழுதியவர் இனங்காணும் திறவுகோல் நூலைத் திறந்தே பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

வேலியில் நிற்கக்கூடியவை

எதிரே நிற்கும் மரம் எதுவாக இருக்க முடியும் என்ற பட்டியல் கையில் இல்லாமல் லென்ஸை எடுப்பதில் பயனில்லை. அசல் சில்வெஸ்ட்ரிஸ், டொமெஸ்டிகா விதைக்கன்று, இரண்டின் கலப்பினம் ஆகிய மூன்றைச் சொல்லிவிட்டோம். நான்காவதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்: வேர்ச்செடி. ஒட்டுக்கட்டிய தோட்ட மரத்தில் மேலே வைத்த ஒட்டு பட்டுப்போனால் கீழிருந்து வேர்ச்செடி போத்து விட்டு மரமாகிவிடும். எம்9, எம்எம்106 போன்ற வேர்ச்செடி வகைகள் அப்படிப் புதராகி, குள்ளமாக நின்று, பார்ப்பவரை ஏமாற்றும். தண்டின் அடியில் ஒட்டு மேடு இருக்கிறதா, பட்டை நிறம் திடீரென மாறுகிறதா, பக்கத்தில் இடிந்த வீட்டின் சுவர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழங்காலத்தில் காட்டு ஆப்பிள் கன்றையே வேர்ச்செடியாக வைத்ததும் உண்டு; அப்படியானால் போத்து அசல் சில்வெஸ்ட்ரிஸாகவே இருக்கும், ஆனால் அந்த இடத்தில் தானாக வளர்ந்ததல்ல.

ஐந்தாவது, அழகுக்காக நட்டு, பறவைகள் விதைபரப்பிய ஆசியக் க்ராப்கள். இவற்றை விலக்குவது எளிது. கனியின் நுனியைப் பாருங்கள். சில்வெஸ்ட்ரிஸிலும் டொமெஸ்டிகாவிலும் புல்லிகள் காய்ந்த குஞ்சமாகக் கனியின் நுனியில் ஒட்டியே இருக்கும். மாலஸ் பக்காட்டாவில் புல்லி உதிர்ந்து வட்டத் தழும்பு மட்டும் மிஞ்சும். கனியும் ஒரு செ.மீ. அளவில், நீண்ட மெல்லிய காம்பில் தொங்கும். காஷ்மீர் தொடங்கி இமயமலை நெடுக இயற்கையாக வளர்வது இந்தக் குழுதான். ஹிமாச்சல் தோட்டங்களில் மகரந்தம் தருவதற்காக நடும் மஞ்சூரியன் க்ராப்பும் இதைச் சேர்ந்ததே.

அடுத்தது இலை மடல். ஜப்பானிய மாலஸ் டோரிங்கோவின் நெடுங்கிளை இலைகள் மூன்றாக, ஐந்தாகப் பிளந்திருக்கும். குறுங்கிளை இலைகள் பிளவில்லாமல் இருக்கும். குறுங்கிளையை மட்டும் ஒடித்து வந்தவருக்கு இந்த அடையாளம் கிடைக்கவே கிடைக்காது. அமெரிக்காவின் மாலஸ் கொரோனேரியா, மாலஸ் ஐயோன்சிஸ் இரண்டிலும் இலை மடல்பட்டிருக்கும், புல்லி நிலைத்திருக்கும், கனி பழுத்தும் பச்சையாக, தொட்டால் மெழுகுபோல் பிசுபிசுக்கும். அதே கண்டத்தின் பசிபிக் கரையில் அலாஸ்காவிலிருந்து வடகலிபோர்னியா வரை வளரும் மாலஸ் ஃபுஸ்காவோ புல்லி உதிர்க்கும் நீள்கனிக்காரன். கிழக்கமெரிக்க உறவினர்களைவிட ஆசியக் குழுவுக்கு நெருக்கமானது. நிலத்தால் அண்டை, குலத்தால் தூரம்.

காட்டுப் பேரிக்காயையும் இங்கேயே விலக்கிவிடலாம். ஆப்பிள் பூவின் ஐந்து சூல்தண்டுகளும் அடியில் ஒட்டியிருக்கும், மகரந்தப்பை மஞ்சளாக இருக்கும். பேரியில் சூல்தண்டுகள் அடிவரை தனித்தனி, மகரந்தப்பை சிவப்பு அல்லது ஊதா. கனி மட்டும் கிடைத்தால் கடித்துப் பாருங்கள்: மணல் நெறுநெறுத்தால் பேரி.

ரோமம்: தீர்ப்பு தரும் இடம்

மீதி இருப்பது சில்வெஸ்ட்ரிஸா, டொமெஸ்டிகாவா, கலப்பா என்ற கேள்வி. இதில் அதிக எடை பெறுவது இலையின் அடிப்புற ரோமம். முதிர்ந்த சில்வெஸ்ட்ரிஸ் இலையின் அடிப்புறம் வழவழவென்று இருக்கும். மிஞ்சினால் நடுநரம்போரம் இரண்டொரு ரோமம். டொமெஸ்டிகாவின் அடிப்புறம் வெள்ளைக் கம்பளி போர்த்தியதுபோல் இருக்கும். எழுதிவைக்க எளிது. களத்தில் இதைப் பார்ப்பதில் நான்கைந்து பொறிகள் உண்டு.

முதல் பொறி, மாதம். மே மாதத்தில் இலை விரியும்போது அசல் சில்வெஸ்ட்ரிஸின் இளம் இலையிலும் நரம்போரம் ரோமம் இருக்கும், கோடையில் உதிர்ந்துவிடும். மே மாதத்தில் தரம் போட்டால் நல்ல மரம் கலப்பாகத் தோன்றும். ஜூலை இறுதி முதல் செப்டம்பர் நடுவரை பார்ப்பதே சரி. அதற்கும் பிந்தினால் எதிர்ப் பிழை: டொமெஸ்டிகாவின் ரோமமும் காற்றிலும் மழையிலும் தேய்ந்து, அக்டோபரில் ‘வழவழப்பு’ என்று எழுத வைத்துவிடும்.

இரண்டாவது, எந்த இலை. வெயில்படும் பக்கத்துக் குறுங்கிளையில், முழுதாக விரிந்த நடு இலை. அடிமரத்துப் போத்திலும், கவாத்து செய்தபின் நட்டுக்க எழும் கிளையிலும் இலை பெரிதாகி ரோமமும் கூடியிருக்கும். வேலிமரங்களில் கைக்கெட்டும் உயரத்தில் கிடைப்பது பெரும்பாலும் அந்த இலைகள்தான் என்பதால் தவறு நடப்பது இயல்பு. நீளமான கொக்கிக் கத்தரி எடுத்துப் போக வேண்டும். ஒரு மரத்துக்கு 20 இலை, நான்கு திசைகளிலிருந்தும் ஐந்தைந்து.

மூன்றாவது, பார்க்கும் முறை. இலையைத் தட்டையாக வைத்து மேலிருந்து லென்ஸ் பிடித்தால் மெல்லிய ரோமம் கண்ணுக்குத் தப்பும். அடிப்புறம் வெளியே வரும்படி இலையை ஆட்காட்டி விரலின்மேல் மடித்து, மடிப்பின் விளிம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, 10 மடங்கு கைலென்ஸில் பாருங்கள். ரோமம் இருந்தால் விளிம்பில் வெள்ளி இழையாக எழுந்து நிற்கும். இல்லையென்றால் விளிம்பு கத்தி வெட்டியதுபோல் சுத்தமாகத் தெரியும்.

நான்காவது, சாம்பல் நோய். ஆப்பிள் இலையில் அது வெண்மையாகப் படர்ந்தால் ரோமம் என்றே தோன்றும். ஈரவிரலால் தேய்த்தால் சாம்பல் நோய் மாவாகக் கையில் ஒட்டும். ரோமம் அங்கேயே இருக்கும். சிலந்திப் பேன் கட்டிய நூலாம்படையும் இதேபோல் ஏமாற்றும்.

தரம் போட நான்கு படி போதும். 0 என்றால் ஒரு ரோமமும் இல்லை. 1 என்றால் நடுநரம்பிலும் அதன் கக்கங்களிலும் மட்டும். 2 என்றால் பக்க நரம்புகளிலும், நரம்பிடைப் பரப்பில் அங்கங்கும். 3 என்றால் பரப்பே தெரியாத அடர்த்தி. ஐந்தாறு படி வைத்தால் துல்லியம் கூடும் என்று தோன்றும். உண்மையில் இருவர் ஒரே இலைக்கு வெவ்வேறு எண் போடுவதுதான் கூடும். வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு படிக்கும் ஓர் இலையை அட்டையில் ஒட்டி எல்லோரும் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

இலைக்கு அடுத்த சாட்சி பூ. பூக்காம்பும், அதன்மேல் சூலகத்தை மூடியிருக்கும் கோப்பையும், புல்லியின் வெளிப்புறமும் சில்வெஸ்ட்ரிஸில் வழவழப்பு அல்லது மிகக் குறைந்த ரோமம். டொமெஸ்டிகாவில் வெள்ளைப் பஞ்சு. இங்கே ஐந்தாவது பொறி: புல்லியின் உட்புறம் இரண்டிலுமே ரோமத்தோடுதான் இருக்கும். விரிந்த பூவில் புல்லி பின்னோக்கி மடங்கிக் கொள்வதால் கண்ணில் படுவது உட்புறம்! அதைப் பார்த்துத் தரம் 3 போட்டுவிடுகிறார்கள். மொட்டைக் கிள்ளி எடுத்து, மூடிய நிலையிலேயே வெளிப்புறத்தைப் பார்ப்பதுதான் தப்பில்லாத வழி. சூல்தண்டின் அடியையும் பார்க்கலாம். டொமெஸ்டிகாவில் அங்கே பஞ்சு திரண்டிருக்கும்.

கனி அளவு

இரண்டாவது எடை கனியின் விட்டத்துக்கு. சில்வெஸ்ட்ரிஸ் கனி பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ.; 35 மி.மீ.யைத் தாண்டினால் தோட்ட ஆப்பிளின் இரத்தம் கலந்திருப்பதாக ஐயப்பட வேண்டும். மரத்திலிருந்தே பறித்த, முதிர்ந்த 20 கனிகள். வெர்னியரில், அகலமான இடத்தில். விழுந்து கிடப்பவை வேண்டாம், பக்கத்து மரத்தினுடையவையும் உருண்டு வந்து கலந்திருக்கும். புழு குடைந்ததும் சொறி பிடித்துக் கோணியதும் ஒதுக்கப்பட வேண்டும். அழகான கனிகளைத் தேடிப் பறிக்கும் கையையும் கட்டுப்படுத்த வேண்டும்: ஒரு கிளையைப் பிடித்தால் அதிலுள்ள நல்ல கனி அத்தனையும் எடுங்கள்.

அளவு ஒருவழிச் சாட்சி என்பதை மறக்கக் கூடாது. பெரிய கனி டொமெஸ்டிகாவைக் காட்டிக்கொடுக்கும். சிறிய கனி சில்வெஸ்ட்ரிஸை நிரூபிக்காது. நிழலில் நிற்கும் டொமெஸ்டிகா விதைக்கன்று, வறண்ட கோடையில், அளவுக்கு மீறிக் காய்த்த ஆண்டில், 30 மி.மீ. கனி தருவது சாதாரணம். ஐந்து சூலறை, அறைக்கு இரண்டு சூல். முறையாக மகரந்தம் சேர்ந்தால் பத்து விதைவரை வரும். இரண்டொரு விதை மட்டும் பிடித்த கனி சிறுத்தும் கோணியும் இருக்கும். ஆகவே அளந்த கனியைக் குறுக்கே வெட்டி விதையையும் எண்ணி எழுதுவது வீண் வேலை அல்ல.

நம்பக் கூடாதவை

முள் எல்லோருக்கும் பிடித்த அடையாளம், ஆனால் பலவீனமானது. முள்ளாக முடியும் குறுங்கிளை சில்வெஸ்ட்ரிஸில் வழக்கம்தான். டொமெஸ்டிகா விதைக்கன்றும் இளமையில் முள் வைக்கும். ஆடுமாடு கடித்த மரம் இன்னும் அதிகமாக வைக்கும். பூ நிறம், கனியின் சிவப்பு, பட்டை, சுவை ஆகிய எல்லாமே இரண்டிலும் மாறுபவை. எழுதிவையுங்கள், எடை கொடுக்காதீர்கள்.

இடத்தை வைத்துத் தீர்ப்பளிப்பது இன்னும் ஆபத்து. பழைய காட்டுக்குள் நின்றால் அசல், ரயில் பாதையோரம் நின்றால் வீசிய ஆப்பிள் என்று ஊகிப்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் அந்த ஊகத்தை வைத்துப் பெயரிட்டுவிட்டு, பிறகு ‘அசல் மரங்கள் பழைய காடுகளில்தான் இருக்கின்றன’ என்று முடிவு எழுதினால் போட்டதையே எடுத்ததாகும். இடம் தாளில் தனிக் கட்டத்தில் இருக்கட்டும்; பெயர் முடிவான பிறகு பாருங்கள்.

மூன்று மரங்கள்

மரம் 1: உயரம் 7 மீ., 1.3 மீ. உயரத்தில் தண்டு விட்டம் 24 செ.மீ. மே மாதத்தில் 10 பூங்கொத்துகளில் பூக்காம்பு, புல்லி வெளிப்புறம் இரண்டும் தரம் 0. ஆகஸ்டில் 20 இலையில் 17க்குத் தரம் 0, மூன்றுக்கு 1. கனி 21 முதல் 27 மி.மீ., சராசரி 24. முள் மிகக் குறைவு. முள் இல்லையே என்று ஒருவர் தயங்கக்கூடும். ரோமமும் அளவும் ஒருமித்துச் சொல்வதால் இது உருவமைப்பின்படி சில்வெஸ்ட்ரிஸ்.

மரம் 2: உயரம் 5 மீ., ஓக் மரத்தின் நிழலில் பாதி. நிறைய முள். கனி 27 முதல் 33 மி.மீ., சராசரி 30. முள்ளையும் கனியையும் மட்டும் கொண்டு முடிவெடுத்தால் இதுதான் மூன்றிலும் ‘காட்டுத்தனமான’ மரம். இலையைத் திருப்பினால் 20இல் 16க்குத் தரம் 3, நான்குக்கு 2. பூக்காம்பு முழுக்கப் பஞ்சு. நிழலில் சிறுத்த டொமெஸ்டிகா விதைக்கன்று.

மரம் 3தான் தலைவலி. உயரம் 6.5 மீ., மிதமான முள். இலையில் 11க்குத் தரம் 0, ஏழுக்கு 1, இரண்டுக்கு 2. இலையை மட்டும் பார்த்தவர் சில்வெஸ்ட்ரிஸ் என்று முடித்திருப்பார். பூக்காம்பு தரம் 1, புல்லி வெளிப்புறம் தரம் 2. கனி 26 முதல் 37 மி.மீ., சராசரி 31. இரண்டு கனிகள் 35ஐத் தாண்டின. ஒவ்வோர் அடையாளமும் தனியே பார்த்தால் சமாளிக்கக்கூடியது, சேர்த்துப் பார்த்தால் எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. இதற்கு ‘சில்வெஸ்ட்ரிஸ் × டொமெஸ்டிகா, ஐயம்’ என்றுதான் எழுத வேண்டும். சராசரி 31 என்பதைக் காட்டி ‘வரம்புக்குள்தான் இருக்கிறது’ என்று வாதாடக் கூடாது. அதிகபட்ச அளவும் பூவின் ரோமமும் அந்தச் சராசரியை மறுக்கின்றன. ஒருமுறை மட்டும், அதுவும் ஆகஸ்டில் மட்டும் வந்து போயிருந்தால் இந்த மரம் அசல் பட்டியலில் ஏறியிருக்கும். மே, ஆகஸ்ட், செப்டம்பர் இறுதி என்று மூன்று நடை தேவைப்படுவதற்குக் காரணம் இதுதான்.

ஆண்டுதோறும் இயந்திரத்தால் வெட்டப்படும் வேலியில் மரம் பெரும்பாலும் பூக்காது. அப்படிப்பட்டதற்கு ‘பூவற்ற நிலை, இலை மட்டும்’ என்று குறித்துப் பெயரை மாலஸ் என்பதோடு நிறுத்திவிடலாம்.

மாதிரி எடுப்பது

மூன்று நடைக்கும் ஒரே மர எண் வேண்டும். அலுமினியத் தகட்டில் எண் பொறித்து, தண்டு பருக்க இடம்விட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டிய கம்பி சில ஆண்டில் பட்டைக்குள் புதைந்துவிடும். ஜி.பி.எஸ். அளவை மட்டும் நம்பினால், மரத்தடியில் பத்து மீட்டர்வரை பிசகி, மே மாதப் பூ ஒரு மரத்திலும் செப்டம்பர் கனி பக்கத்து மரத்திலும் எடுத்த தாள்கள் ஒரே எண்ணில் சேர்ந்துவிடும். மரம் 1இன் பூவும் மரம் 2இன் கனியும் ஒட்டிய தாளை யார் எடுத்துப் பார்த்தாலும் இல்லாத ஒரு கலப்பினம் அங்கே பிறக்கும்.

25 முதல் 30 செ.மீ. நீளக் கிளை, அதில் குறுங்கிளையும் இருக்க வேண்டும், தனியே ஒரு நெடுங்கிளையும் வேண்டும். செய்தித்தாளில் விரித்து அழுத்தும்போது குறைந்தது இரண்டு இலைகளைத் திருப்பி அடிப்புறம் மேலே தெரிய வையுங்கள். எல்லா இலையும் முகம் மேலாக ஒட்டிய தாளில் ரோமத்தைப் பார்க்க வழியே இருக்காது. பழைய தொகுப்புகளில் இந்தக் குறை ஏராளம். முதல் மூன்று நாள் தாளைத் தினமும் மாற்றுங்கள். ஈரத்தோடு விட்டால் ஆப்பிள் இலை கறுத்துப்போகும். கனியை உலர்த்தும் முன்பே அளந்துவிட வேண்டும், காய்ந்தால் சுருங்கும். இரண்டு கனிகளை நெடுக்கிலும் குறுக்கிலும் 3 மி.மீ. வில்லையாக அரிந்து அழுத்தலாம். முழுக் கனியைக் காகித உறையில் தனியே காய வைத்து அதே எண்ணிட வேண்டும். பூக்களில் நாலைந்தை 70 விழுக்காடு ஆல்கஹாலில் போட்டுவைத்தால் சூல்தண்டின் அடியைப் பிறகு ஆற அமரப் பார்க்கலாம். இதழின் நிறம் எதிலும் நிற்காது, அப்போதே எழுதுங்கள்; மொட்டின் நிறத்தையும் விரிந்த பூவின் நிறத்தையும் தனித்தனியாக.

மரபணு ஆய்வுக்கு நோயில்லாத இளம் இலை இரண்டு, இலையின் எடையைப் போலப் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில். 24 மணி நேரத்தில் இலை மொறுமொறுவென்று ஒடிய வேண்டும். ஒடியாமல் வளைந்தால் ஜெல் ஈரம் ஏறிவிட்டது, மாற்றுங்கள்.

விவரணை எழுதுவது

‘கனி சிறியது, இலை சற்று ரோமமுள்ளது’ என்பது விவரணை அல்ல. எதைவிடச் சிறியது? அளவு எழுதும் மரபு (18–)21–27(–31) மி.மீ. என்பது: நடுவில் வழக்கமான வீச்சு, அடைப்புக்குள் அரிதாகக் கண்ட எல்லை. வரிசை கீழிருந்து மேல், வெளியிலிருந்து உள்: வளரியல்பு, பட்டை, கிளை, மொட்டு, இலைக்காம்பு, இலைப்பரப்பு, பூங்கொத்து, பூ, கனி, விதை. இல்லாததையும் எழுத வேண்டும். ‘ரோமமற்றது’ என்று எழுதாவிட்டால் பார்க்கவில்லையா, இல்லையா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. மரம் 1க்கு இப்படி:

‘சிறுமரம், 7 மீ.; பட்டை சாம்பல் பழுப்பு, ஒழுங்கற்ற சிறு தகடுகளாக உரிவது. குறுங்கிளை அரிதாக முள்ளாக முடியும். இலைக்காம்பு 15–28 மி.மீ., ரோமமற்றது. இலைப்பரப்பு அகன்ற முட்டை வடிவம் முதல் ஏறத்தாழ வட்டம், 35–62 × 28–45 மி.மீ., நுனி குறுகிக் கூர்ந்து பெரும்பாலும் ஒருபுறம் சாய்ந்தது, விளிம்பு மழுங்கிய ரம்பப் பல். முதிர்ந்த அடிப்புறம் ரோமமற்றது, அரிதாக நடுநரம்பில் சில. பூ 4–6 கொண்ட கொத்து. பூக்காம்பு, கோப்பை, புல்லி வெளிப்புறம் ரோமமற்றவை, புல்லி உட்புறம் ரோமம் அடர்ந்தது. மொட்டு இளஞ்சிவப்பு, விரிந்த இதழ் வெள்ளை, மகரந்தப்பை மஞ்சள். கனி உருண்டை, 21–27 மி.மீ., மஞ்சள்பச்சை, புல்லி நிலைத்தது.’

இதில் சிற்றினப் பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். பெயரை முதலில் முடிவுசெய்துவிட்டு விவரணை எழுத உட்கார்ந்தால், நூலில் உள்ள சில்வெஸ்ட்ரிஸின் விவரம் தானாகவே கைவழி இறங்கிவிடும். எதிரே இருக்கும் மரம் காணாமல் போகும்.

மரபணு சொல்வது

பத்துப் பன்னிரண்டு மைக்ரோசாட்டலைட் குறிகளை (மரத்துக்கு மரம் மாறுபடும் டி.என்.ஏ. துண்டுகளை) வைத்து, உறுதியான சில்வெஸ்ட்ரிஸ், தோட்ட ஆப்பிள் வகைகள் இரண்டின் மாதிரிகளோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு மரமும் எந்தக் குழுவில் எத்தனை பங்கு என்று கணக்கிடுவது இன்றைய வழக்கம். 0.9க்கு மேல் சில்வெஸ்ட்ரிஸ் பங்கு இருந்தால் அசல் என்று வைத்துக்கொள்வது பொதுவான எல்லை. இயற்கை போட்ட கோடல்ல, ஆய்வாளர் போட்ட கோடு. 2013இல் வெளியான ஐரோப்பா தழுவிய ஓர் ஆய்வில், எடுத்த சில்வெஸ்ட்ரிஸ் மரங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கலப்பு தெரிந்தது. கலப்பு ஒருவழிப் பாதையும் அல்ல. மத்திய ஆசியாவின் தியன்ஷான் மலையில் மாலஸ் சீவெர்சியையிலிருந்து தொடங்கிய தோட்ட ஆப்பிள், மேற்கே வரும் வழியில் சில்வெஸ்ட்ரிஸிடமிருந்து ஏராளமான மரபணுவை வாங்கிக்கொண்டது. இரு திசையிலும் கொடுக்கல் வாங்கல் நடந்த உறவு என்பதால் சில குறிகள் இரண்டிலும் பொதுவாகவே இருக்கும். இரண்டு மூன்று குறிகளை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாததற்கு அதுவே காரணம்.

உருவமும் மரபணுவும் முரண்படும் மரங்கள் வரத்தான் செய்யும். கலப்பினம் மறுபடி சில்வெஸ்ட்ரிஸோடு கூடிப் பிறந்த கன்று, பார்வைக்கு மரம் 1 போலவே வழவழப்பாக இருந்து, கணக்கில் 0.8 காட்டும். அப்போது உருவத் தரத்தைத் திருத்தி எழுதக் கூடாது. இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் வைத்து, பெயர்ச் சீட்டில் எதை வைத்துப் பெயரிட்டோம் என்று குறிப்பிட வேண்டும்.

சில்வெஸ்ட்ரிஸ், டொமெஸ்டிகா இரண்டுக்கும் குரோமோசோம் 34. தோட்ட வகைகளில் பிராம்லி போன்றவை 51 உள்ள மும்மடியங்கள், அதாவது இரண்டுக்குப் பதில் மூன்று குரோமோசோம் தொகுதி உள்ளவை. ஆசியக் க்ராப்கள் சிலவற்றில் நிலைமை வேறு: மாலஸ் சிக்கிமென்சிஸ், மாலஸ் ஹூபெஹென்சிஸ் இரண்டும் மும்மடியம், கருவுறாமலேயே விதை வைப்பவை, கன்று தாயின் நகல். அங்கே மக்கள்தொகை முழுவதும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருக்கும். கொஞ்சம் வேறான நகல்வரிசை ஒன்றைக் கண்டதும் புதுச் சிற்றினம் என்று பெயர் வைக்கும் ஆசை வரும். சில்வெஸ்ட்ரிஸில் தலைகீழ்ச் சிக்கல்: தன் மகரந்தத்தை ஏற்காத மரம் என்பதால் ஒவ்வொரு கன்றும் வேறு.

இந்தத் தன்மலட்டுத்தன்மைதான் விதை சேகரிப்பவர்களைக் கவிழ்ப்பது. மரம் 1 உருவத்திலும் மரபணுவிலும் அசல் என்றே வைத்துக்கொள்வோம். அதன் கனியும் தாயின் திசுவால் ஆனதால் அசலாகவே தோன்றும். உள்ளே இருக்கும் விதைக்குத் தந்தை யார்? அதே வேலியில், ஒரே வாரத்தில் பூத்த மரம் 2தான் தேனீக்கு அருகில் இருந்தது. அசல் மரத்திலிருந்து எடுத்த விதை என்று சீட்டு ஒட்டிக் காட்டில் நட்டால், நடுவது முதல் தலைமுறைக் கலப்பினத்தை. நாற்றங்காலுக்கு மரம் 1 வேண்டுமென்றால் குளிர்காலத்தில் குச்சி எடுத்து ஒட்டுக்கட்டுங்கள். அப்படிப் பல இடத்து அசல் மரங்களை, தோட்ட ஆப்பிளிலிருந்து தள்ளி, ஒன்றாக நட்ட விதைத்தோப்பிலிருந்து விதை எடுங்கள். வேலியிலிருந்தே விதை எடுத்தாக வேண்டிய நிலை என்றால், நடுவதற்கு முன் கன்றுகளின் இலையைச் சிலிக்கா ஜெல்லில் போடுங்கள். ரோமத் தரம் அங்கே உதவாது. இரண்டு வயதுக் கன்றின் இலை மே மாதத்து இலையைவிட மோசமாக ஏமாற்றும்.